தெள்ளு வாத்தியார்

தென்னூரில் அவரைத் தெள்ளு வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவர் வாத்தியார் இல்லை. ஊரில் இருந்த ஒரு காலேஜில் ஜுவாலஜி டெமான்ஸ்ட்ரேட்டர். பையன்களுக்குத் தவளையை அறுத்துக் காட்டுகிற வேலை. ஆனால் அவர் மனசு தவளையில் இல்லை. நாய், பூனை, ஆடு என்று வீட்டு மிருகங்களின் உடம்பில் மயிருக்குள் ஓடி ஒளிகிற தெள்ளுப்பூச்சியில்தான் இருந்தது. சனிக்கிழமை வந்தால் பஸ் ஏறித் துறையூர்ச் சந்தைக்குப் போவார். ஆடு வாங்க வந்தவர் என்று நினைத்து வியாபாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். அவர் மடியிலிருந்து பேன்சீப்பை எடுத்து, "வாங்கலைங்க, சும்மா வாரிப் பார்த்துட்டுத் தரேன்" என்பார்.

நான் ரயில்வே ஆபீஸில் டிராப்ட்ஸ்மேனாகத் திருச்சிக்கு மாற்றலாகி வந்தது யுத்தத்துக்கு மூன்று நான்கு வருஷம் முன்னால். அவர் குடியிருந்த வீட்டிலேயே முன்போர்ஷன் எனக்குக் கிடைத்தது. சாமான் வண்டி வாசலில் வந்து நின்றதும் ஒரு மெலிந்த மனிதர் உள்ளேயிருந்து வந்தார். கையில் மடித்த வெள்ளைத்துணி.

"எந்த ஊர்லேருந்து வரீங்க?"

"விழுப்புரம்."

"நாய் வளர்த்தீங்களா?"

"இல்லைங்க."

"பக்கத்து வீட்டுல?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வெள்ளைத்துணியைத் தரையில் விரித்து, வண்டியிலிருந்த என் பாயை எடுத்து அதன்மேல் நாலு உதறு உதறினார். முழங்காலிட்டுத் துணியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார். "ஒண்ணும் இல்லை. கொண்டு போங்க" என்றார். அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.

அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: "தெரியலை. பார்க்கணும்." பணிவுக்காகச் சொல்வதில்லை. தன் கண்ணால் பார்க்காத ஒன்றை உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல அவருக்கு நாக்கு எழும்பாது. ஒருநாள் தபால்காரர் வந்து, முன்போர்ஷன்காரர் வீட்டில் இருக்கிறாரா என்று அவரைக் கேட்டார். நான் உள்ளேதான் இருந்தேன். "அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால உள்ளே போனதைப் பார்த்தேன். இப்ப இருக்காரான்னு தெரியலை" என்று பதில் சொல்கிறார். தபால்காரர் என் மணியார்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். குழம்பில் உப்புச் சரியா என்று அவர் மனைவி கேட்டால், சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவர் திரும்ப வந்து ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துத்தான் சொல்வார். அந்த அம்மாள் ஒருமுறை என் மனைவியிடம் சொன்னாளாம்: "கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேட்டிருக்காங்க. பார்க்கணும்னிருக்கார். பார்த்தாச்சேன்னு சொன்னா, அது அரைமணிதானேன்னாராம்."

தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு அவருக்கு ஒரு கடமை உண்டு. அலமாரியிலிருந்து நாலைந்து கண்ணாடிக் குழாய்களை எடுப்பார். ஒவ்வொன்றின் வாயிலும் மல்துணி கட்டியிருக்கும். உள்ளே தெள்ளுகள். இடது முழங்கையைத் திருப்பி வைத்து, குழாயின் வாயை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வார். துணிக்குள்ளிருந்தபடியே அவை கடித்து ரத்தம் குடிக்கும். ஒரு குழாய் முடிந்ததும் அடுத்த குழாய். அந்தக் கை முழுக்கச் சிவப்புப் புள்ளி. யார் வீட்டுக்குப் போயிருந்தாலும் நாலு மணி ஆனதும் எழுந்துவிடுவார். "அவங்க சாப்பிடற நேரம்" என்பார். பூச்சியைக்கூட அவர் மரியாதையாகத்தான் சொல்வார்.

என்னை அவர் பிடித்துக்கொண்டது என் வேலை தெரிந்தபிறகுதான். நான் இன்ஜின் பாகங்களின் படம் போடுகிறவன். அவருக்குத் தெள்ளின் படம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலேஜ் மைக்ராஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவருவார். முதல் படம் போட இரண்டு வாரம் ஆயிற்று. கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு சார். ஆனா இது எந்தத் தெள்ளு?"

"நீங்க காட்டின தெள்ளுதான்."

"அதோட கன்னத்துல சீப்புப் பல் மாதிரி வரிசையா முள் இருக்கே, அதுல முதல் முள்ளைப் பாருங்க. ரெண்டாவதைவிடக் குட்டையாப் போட்டிருக்கீங்க. குட்டையா இருந்தா நாய்த்தெள்ளு. சமமா இருந்தா பூனைத்தெள்ளு. நீங்க பார்த்தது பூனைத்தெள்ளு."

ரயில் இன்ஜினில் நான் அப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. அன்றிலிருந்து அந்த முதல் முள்ளை என்னால் மறக்க முடியவில்லை.

அவர் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் மனிதரோடு சேர்ந்து வாழ்கிற மிருகம் ஒவ்வொன்றிலும் என்ன தெள்ளு இருக்கிறது என்று. வெள்ளாடு, கழுதை எல்லாம் ஆயிற்று. நாய், பூனைக் கணக்கு வீடு வீடாக இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யானைக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருந்தது. யானைக்குத் தெள்ளு கிடையாது என்பது எனக்கே தெரியும். அவருக்கும் தெரியும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவர் பார்க்கவில்லையே.

ஒருநாள் காலை குதிரைவண்டி பிடித்து இருவரும் காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனோம். கோயில் யானையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்த பெரியவர் திருமண் துலங்க வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"அபசாரம் ஸ்வாமி. பெருமாள் கைங்கர்யம் பண்ற ஆனை. நித்யம் காவேரி ஸ்நானம் ஆறது. அதுக்குப் போய்ப் பூச்சியாவது பொட்டாவது. அடியேன் இத்தனை வருஷமாப் பார்த்துண்டிருக்கேன், ஒண்ணும் கிடையாது."

"நீங்க பார்த்தது தேடிப் பார்த்ததா, சும்மா பார்த்ததா?"

பெரியவர் யோசித்தார். நேர்மையான மனிதர். "தேடிப் பார்க்கலை" என்று ஒப்புக்கொண்டார்.

காலை முழுக்க அந்த யானையை வாரினோம். அதற்குச் சீப்புப் போதாது என்று அவர் தேங்காய்நார் பிரஷ் கொண்டுவந்திருந்தார். பாகன் யானையைப் படுக்கவைத்தான். காதுக்குப் பின்னால், வால் அடியில், கால் மடிப்பில் எல்லாம் அவர் தேய்த்துத் தேய்த்துப் பீங்கான் தட்டில் உதறினார். பெரியவர் முதலில் முகம் சுளித்துத் தள்ளி நின்றார். பிறகு கிட்டே வந்தார். கடைசியில், "இந்தப் பக்கம் இன்னும் பார்க்கலையே ஸ்வாமி" என்று அவரே இடம் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் அவர் முகம் பளபளவென்று இருந்தது. பட்டியலை மடியில் வைத்து, குலுங்குகிற வண்டியிலேயே, யானைக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினார்.

"இது நேத்திக்கே தெரிஞ்சதுதானே சார்" என்றேன்.

"நேத்திக்கு நம்பினேன். இன்னிக்குத் தெரியும்."

இனி அவர் சாட்சி சொன்ன வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரே மதில்சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள். ஒன்று ஓய்வுபெற்ற தாசில்தாருடையது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடமிருந்து வாங்கிய, காது தொங்கும் நாய் ஒன்று அவரிடம் இருந்தது. பெயர் டியூக். அதற்கு இங்கிலீஷ்தான் புரியும் என்று தாசில்தார் அதனோடு இங்கிலீஷில் மட்டுமே பேசுவார். மற்ற வீடு மலைக்கோட்டைக் கடைவீதியில் அத்தர்க்கடை வைத்திருந்த பாயுடையது. அவர் மனைவிக்குப் பூனைகள் உயிர். பத்துப் பன்னிரண்டு இருக்கும். இரண்டு வீட்டுக்கும் நம்மவர் வெள்ளிக்கிழமை காலேஜுக்குப் போகுமுன் போவார். முதலில் பாய் வீட்டுப் பூனைகளை வாருவார், பிறகு டியூக்கை.

அந்த வருஷம் டியூக் சொறிந்து சொறிந்து முதுகில் மயிரே இல்லாமல் போயிற்று. தாசில்தாருக்கு வேதனை. ஒரு வெள்ளிக்கிழமை, "என்ன பூச்சி இது?" என்று கேட்டார். நம்மவர் லென்ஸில் பார்த்து, "பூனைத்தெள்ளுங்க" என்று சொன்னார். அவ்வளவுதான். தாசில்தார் மதில்சுவரைப் பார்த்தார். அடுத்த மாதம் முன்சீப் கோர்ட்டில், பாய் தன் பூனைகளை எல்லாம் அப்புறப்படுத்தவேண்டும் என்று தாவா போட்டுவிட்டார். முக்கிய சாட்சி நம்மவர்.

விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். நம்மவர் கையில் குழாயைக் கவிழ்த்து வைத்திருந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"சார், எங்களுக்குப் புள்ளைகுட்டி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். வீட்டுல அவங்களுக்கு இந்தப் பூனைங்கதான் எல்லாம். ஒரு வாரமாச் சரியாச் சாப்பிடலை. கோர்ட்டுல சொல்லி அதுங்களைச் சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டாங்கன்னா, அவங்க தாங்க மாட்டாங்க."

"புரியுது பாய்."

"நீங்க எதைக் கேட்டாலும் தெரியலைன்னுதானே சொல்வீங்க. நாளைக்கும் அதையே சொல்லிடுங்க. பொய் சொல்லச் சொல்லலை. வழக்கமாச் சொல்றதைச் சொல்லுங்க, போதும்."

நம்மவர் குழாயை மெல்ல எடுத்து வைத்தார். அவ்வளவு கஷ்டத்தோடு அவர் பேசி நான் கேட்டதில்லை. "பாய், மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது. இது ஒண்ணு மட்டும் தெரியும். நான் பார்த்துட்டேனே."

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கோபப்படவில்லை. "போயிட்டு வரேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு முள்ளின் நீளத்துக்காக ஒரு பெண்பிள்ளையை அழவைப்பதா என்று என் மனைவியிடம் கத்தினேன்.

கோர்ட்டில் முதல் நாள் சாட்சி கூண்டு ஏறுமுன்பே சிக்கல். டியூக்கின் மேலிருந்து எடுத்த தெள்ளுகளைத் தாசில்தாரின் வக்கீல் குழாயோடு சான்றுப்பொருளாகத் தாக்கல் செய்தார். கோர்ட் குமாஸ்தா அதைக் கையில் வாங்க மறுத்துவிட்டார். கடைசியில் ஒரு பித்தளைத் தட்டில் வைத்து மேஜை ஓரத்தில் வைத்தார்கள். வழக்கு ஒரு வாரம் ஒத்திப்போடப்பட்டது. எல்லோரும் எழுந்தபோது நம்மவர் கைகூப்பினார்.

"எஜமான், ஒரு விண்ணப்பம். சான்றுப்பொருள் கோர்ட் பொறுப்புல இருக்கப்போகுது. அதுக்கு தினமும் சாப்பாடு போடணும். இல்லைன்னா அடுத்த வாய்தாவுக்குள்ள செத்துப்போயிடும்."

முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யார் போடறது?"

"நான்தாங்க."

இரு தரப்பு வக்கீலும் ஆட்சேபிக்கவில்லை. தினம் நாலரை மணிக்குச் சாட்சி கோர்ட்டுக்கு வந்து, குமாஸ்தா முன்னிலையில் சான்றுப்பொருளுக்குத் தன் கையைக் கொடுக்கலாம் என்று உத்தரவாயிற்று. அந்த வாரம் முழுக்க அவர் அப்படியே செய்தார். குமாஸ்தா மூன்றாம் நாள் அவருக்கு நாற்காலி போட்டார். ஐந்தாம் நாள் இரண்டு வக்கீல்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

அடுத்த வாய்தாவில் நான் போட்ட படம் மேஜைமேல் விரிக்கப்பட்டது. தெள்ளு எருமைக்கன்று அளவுக்கு இருந்தது. தாசில்தாரின் வக்கீல் முதல் முள்ளைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். நம்மவர், "ஆமாங்க, பூனைத்தெள்ளு" என்றார். கூட்டத்தில் பாய் தலைகுனிந்துகொண்டார்.

பிறகு பாயின் வக்கீல் எழுந்தார். இளைஞர், கெட்டிக்காரர்.

"இந்த ஊர்ல மத்த நாய்களையும் பார்த்திருக்கீங்களா?"

"நிறையப் பார்த்திருக்கேங்க."

"அதுல என்ன தெள்ளு?"

"பெரும்பாலும் இதே பூனைத்தெள்ளுதாங்க. பூனையே இல்லாத இடத்து நாய்லயும் இதுதான்."

முன்சீப் நிமிர்ந்தார். "அப்ப ஏன் ஐயா பூனைத்தெள்ளுன்னு பேர்?"

"பேர் வச்சவர் எதை முதல்ல பார்த்தாரோ தெரியலைங்க. தெள்ளுக்கு அதோட பேர் தெரியாது."

கோர்ட் முழுக்கச் சிரிப்பு. பாய் தலையை நிமிர்த்தினார். வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். வக்கீல் உட்கார்ந்திருக்கலாம். வெற்றியின் ருசியில் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மதில்சுவர் மேல கண்ணாடிச்சில்லு பதிச்சிருக்கு. பூனை தாண்டாது. ஆகவே என் கட்சிக்காரர் வீட்டுலேருந்து ஒரு தெள்ளு அந்த வீட்டுக்குப் போக வழியே இல்லை. சரிதானே?"

நம்மவர் கூரையைப் பார்த்தார். தன் வேட்டியைப் பார்த்தார்.

"ஒரு வழி இருக்குங்க."

"என்ன வழி?"

"நான்."

யாரும் கேட்காமல் அவரே விளக்கினார். பூனைமேல் இருக்கிற தெள்ளு லேசில் இறங்காது. ஆனால் பாய் வீட்டுக் கொல்லையில் பூனைகள் படுக்கும் சாக்குக் குவியல் இருக்கிறது. அதில் புதிதாகப் பிறந்து பசியோடு காத்திருக்கிற தெள்ளு, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் தாவும். வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சாக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, அதே வேட்டியோடு நேரே டியூக்கிடம் போகிற ஒரே ஆள் தான்தான் என்றார்.

"அப்ப நீர்தான் கொண்டு போனீரா?" என்றார் முன்சீப்.

"தெரியலைங்க. பார்க்கணும்."

தாவா தள்ளுபடியாயிற்று. பூனைகள் தப்பின. ஆனால் யாருக்கும் சந்தோஷமில்லை. தாசில்தார் கோர்ட் வராந்தாவிலேயே, சாட்சியைப் பிரதிவாதியாகச் சேர்க்க முடியுமா என்று வக்கீலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாய்க்கோ, தன் வீட்டுச் சாக்குக் குவியல் கோர்ட் பதிவேட்டில் ஏறிவிட்டதே என்ற மனக்குறை. இரண்டு வீட்டுக் கதவும் நம்மவருக்குச் சாத்தப்பட்டன. செய்தி பரவித் தெருவில் மற்றவர்களும் நாயைத் தொடவிடவில்லை. அவரைக் கண்டால் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். பட்டியல் பாதியில் நின்றது.

"யாரும் கேட்காத கேள்விக்கு ஏன் சார் பதில் சொன்னீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வழியே இல்லையான்னு கேட்டாரே" என்றார். பிறகு, "கதவைச் சாத்தினது பரவாயில்லை சார். நான்தானான்னு தெரியாம இருக்கே, அதுதான் தாங்கலை" என்றார். கையில் புள்ளிகள் ஆறி வந்தன. அந்த வாரங்களில் குழாய்களைக்கூட அவர் சரியாகக் கவனிக்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி கடிதம் எழுதினார். குற்றவாளி தான்தானா என்று கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் சிரித்தேன். ஆனால் தாசில்தார் ஒப்புக்கொண்டார். "முப்பது வருஷம் விசாரணை பண்ணினவன் நான். இதையும் நானே பண்றேன்" என்று சொல்லியனுப்பினார். பாய் வீட்டில் அந்த அம்மாள் சொன்னாளாம்: "அவர்தான்னு ஆயிட்டா நம்ம பூனைங்க பேரு சுத்தமாயிடும். வரச் சொல்லுங்க."

டியூக்கைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, புதிதாகச் சுண்ணாம்படித்த மாடி அறையில் அடைத்தார்கள். நான்கு நாள் காலையும் மாலையும் தாசில்தாரே கண்ணாடி மாட்டிக்கொண்டு பேன்சீப்பால் வாரினார். ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை நம்மவர் குளித்துக் கோடி வேட்டி கட்டிக்கொண்டார். வெள்ளைத்துணிமேல் நிற்கவைத்து நான் அவரை உதறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாய் வீட்டுக் கொல்லையில் சாக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போலப் பூனைகளை வாரினார். பிறகு அந்த வாசலில் இறங்கி இந்த வாசலில் ஏறினோம். வழியில் அவர் வேறெங்கும் ஒட்டவில்லை என்பதற்குச் சாட்சியாகப் பாயும் பின்னாலேயே வந்தார். மாடியில் டியூக் பக்கத்தில் அரைமணி உட்கார்ந்திருந்துவிட்டு அவர் வெளியே வந்தார். தாசில்தார் உள்ளே போய் வாரினார்.

"இருக்கு" என்று குரல் வந்தது.

நம்மவர் ஓடிப்போய் லென்ஸில் பார்த்தார். முதல் முள்ளும் இரண்டாவதும் சமம்; பூனைத்தெள்ளு. ஆனால் ஒரு தரம் போதாது என்றார். மறுபடி நாயைக் குளிப்பாட்டி, அடுத்த வெள்ளிக்கிழமையும் எல்லாம் முறைப்படி நடந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் வாடிப்போய்விட்டார். பாய்தான், "மனசு விடாதீங்க சார், அடுத்த வாரம் இன்ஷா அல்லா கிடைக்கும்" என்று தேற்றினார். அடுத்த வாரம் இரண்டு கிடைத்தன.

அந்த மாடி அறையில் அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நான்தாங்க" என்றார். "சந்தேகமே இல்லை. நான்தான்."

தீர்ப்புக் கிடைத்துவிட்ட தாசில்தாருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. வக்கீல் பேச்சை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அவர் கையிலும் இப்போது சிவப்பாக இரண்டு மூன்று புள்ளி. பிறகு கீழே எட்டிப் பார்த்து நாலு காப்பி கொண்டுவரச் சொன்னார். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் பாய் அந்த வீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

காப்பி குடித்து முடிந்ததும் நம்மவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பட்டியல் பாக்கி இருக்கு. வர வெள்ளிக்கிழமை வரட்டுங்களா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள்: "வேட்டியை மாத்திட்டு வாங்க."

அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது நடந்தது. பாய் வீட்டு வேலை முடிந்ததும் கையில் மாற்று வேட்டியோடு அவர் தாசில்தார் வீட்டுக் கார்ஷெட்டுக்கு வருவார். அந்த ஷெட்டுக்குக் கதவு கிடையாது, தெருவைப் பார்த்தது. அதனால் அவர் வேட்டி மாற்றி முடிக்கும்வரை ஒரு துப்பட்டியின் இரண்டு மூலையையும் கையால் விரித்துத் தூக்கிப் பிடித்து, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு தாலுகாவையே ஆண்டுவிட்டு வந்த அந்த மனிதர் அசையாமல் நிற்பார். ஆபீஸுக்குப் போகிற வழியில் நான் சைக்கிளை நிறுத்திக் கும்பிடு போடுவேன். கை காலியாக இல்லாததால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். டியூக் மாடி ஜன்னலிலிருந்து இருவரையும் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும்.